செம்மறியாடு: தூய இனமா, கலப்பினமா?



தோட்டப்புறங்களில் செம்மறியாடு வளர்க்கும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “எங்களிடம் பத்து நாட்டு ஆடுகள் இருக்கின்றன. எல்லாம் சின்ன ஆடுகள். இவற்றை விற்றுவிட்டு, வெளிநாட்டுப் பெரிய இனத்தில் நாலு ஆடு வாங்கலாமா? அல்லது பெரிய கிடா ஒன்றை மட்டும் வாங்கி இவற்றோடு சேர்க்கலாமா?” என்பதே அது. கூட்டுப் பணமோ போனஸ் பணமோ கைக்கு வந்த நேரத்தில்தான் இந்தக் கேள்வி எழும். தவறான ஆட்டை வாங்கிவிட்டால் அந்தப் பணம் திரும்பி வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். சில வேளைகளில் வராமலே போய்விடும். ஆகவே இன்று இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஆடு வாங்கப் போகிறவரின் கண் எதைப் பார்க்கிறது? உடம்பைப் பார்க்கிறது. முதுகு அகலமாக, தொடை கனமாக இருந்தால், “ஆஹா, இதுவல்லவோ ஆடு!” என்று மனம் மயங்குகிறது. கறிக்கடைக்காரர் அப்படிப் பார்க்கலாம். அவர் நாளைக்கே வெட்டப் போகிறார். நாம் வாங்குவது வெட்டுவதற்கு அல்ல, குட்டி எடுப்பதற்கு. குட்டி எடுக்கிறவர் பார்க்க வேண்டிய கணக்கு வேறு. கிடாவோடு விட்ட ஆடுகளில் எத்தனை சினையாயின? சினையானவை எத்தனை குட்டி போட்டன? போட்ட குட்டிகளில் எத்தனை பால் மறக்கும் வரை உயிரோடு இருந்தன? தாய் மறுபடி எத்தனை மாதத்தில் ஈன்றது? இந்த நான்கும் சேர்ந்ததுதான் ஓர் ஆட்டின் இனப்பெருக்கத் திறன். இவற்றில் ஒன்று கெட்டாலும் மற்ற மூன்றும் வீணே.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த எண்கள் விளங்கிக்கொள்வதற்காக நானே எடுத்துக்கொண்டவை. ஆய்வில் கண்டவை அல்ல. மூன்று வீடுகள், வீட்டுக்குப் பத்துத் தாய் ஆடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வீட்டில் பெரிய தூய இனம். பத்தில் ஏழு சினையாகி ஒன்பது குட்டிகள் பிறக்கின்றன. நாலாம் மாதத்தில் மிஞ்சுவது ஐந்து. ஒவ்வொன்றும் 18 கிலோ என்றால் மொத்தம் 90 கிலோ. இரண்டாவது வீட்டில் நாட்டு ஆடு. ஒன்பது சினையாகி ஒன்பது குட்டிகள், எட்டுப் பிழைக்கின்றன. ஆனால் குட்டிக்கு 9 கிலோதான். மொத்தம் 72 கிலோ. மூன்றாவது வீட்டில் இரண்டும் கலந்த கலப்பினத் தாய்கள். ஒன்பது சினையாகிப் பதினொரு குட்டிகள் போட்டு, ஒன்பது பிழைக்கின்றன. குட்டிக்கு 14 கிலோ. மொத்தம் 126 கிலோ. தனித்தனியாகத் தராசில் வைத்தால் முதல் வீட்டுக் குட்டியே பெரிது. வீட்டுக்கு வந்த மொத்தத்தைப் பார்த்தாலோ மூன்றாவது வீடே முந்துகிறது. ஏன் இப்படி ஆகிறது என்பதுதான் இன்றைய பேச்சின் மையம்.

நம் நாட்டுச் செம்மறிக்கு ‘மாலின்’ என்று பெயர். மலேசிய உள்நாட்டு ஆடு என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி ஆய்வாளர்கள் வைத்த பெயர் அது. வளர்ந்த பெட்டை ஏறக்குறைய 20 கிலோதான் இருக்கும். உரோமம் சொரசொரப்பானது, அதற்கு விலை கிடையாது. பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். இவ்வளவையும் கேட்டால், “இதை வைத்து என்ன செய்வது?” என்றுதான் தோன்றும். ஆனால் இந்தச் சின்ன ஆட்டிடம் பெரிய இனங்களுக்கு இல்லாத ஒரு சொத்து இருக்கிறது. வெயிலையும் மழையையும் குடற்புழுவையும் தாங்கி, ஆண்டின் எந்த மாதத்திலும் பருவத்துக்கு வந்து, யாருடைய உதவியும் இல்லாமல் ஈன்று, குட்டியை நக்கி எழுப்பிப் பால் கொடுத்துவிடும்.

எந்த மாதத்திலும் பருவத்துக்கு வரும் என்பதை லேசாக எண்ணிவிடக் கூடாது. குளிர்நாட்டுச் செம்மறிகளில் பல இனங்கள் ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே கிடாவைச் சேர்க்கும். இலையுதிர்காலத்தில் பகல் பொழுது குறையத் தொடங்கியதும் அவற்றின் உடலில் பருவம் விழிக்கும். அப்போது சேர்ந்தால்தான் ஐந்து மாதம் கழித்து, பனி போய்ப் புல் முளைக்கும் வசந்தத்தில் குட்டி பிறக்கும். அந்த ஊருக்கு அது நல்ல ஏற்பாடு. நம் நாடோ பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். புல்லும் எப்போதும் உண்டு. பகல் குறைவதை எதிர்பார்த்திருக்கும் ஆட்டுக்கு இங்கே சரியான அடையாளம் கிடைப்பதில்லை.

ஆய்வாளர்கள் இதை அறிந்தே ‘டோர்செட் ஹார்ன்’ என்ற இங்கிலாந்து இனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். குளிர்நாட்டு இனங்களில், பருவகாலம் மிக நீண்டது என்று பெயர் பெற்றது அது. 1970-களிலும் 1980-களிலும் ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் செர்டாங் பல்கலைக்கழகமும் ரப்பர் மரங்களுக்கு அடியில் செம்மறி வளர்ப்பதைப் பற்றி ஆராய்ந்த காலத்தில், டோர்செட் ஹார்னையும் மாலினையும் கலந்து பிறந்த ஆடுகள் முக்கிய இடம் பெற்றன. ‘டோர்சிமல்’ என்று அவற்றை அழைத்தார்கள். ஆடு மேய்த்த மாதிரியும் ஆயிற்று, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆயிற்று என்பார்களே, அதுபோல நிரைகளுக்கு நடுவே களையும் குறையும், கறியும் கிடைக்கும் என்பது அன்றைய எண்ணம். களைக்கொல்லி மருந்து அடிப்பது குறைந்தால், அந்த மருந்தைச் சுமந்து அடிக்கும் நம் பெண்களுக்கும் அது நன்மையே. என்னைக் கேட்டால் இறைச்சியைவிட அதுவே பெரிய ஆதாயம்.

சரி, தூய டோர்செட்டையே வளர்த்தால் என்ன? வளர்ந்த பெட்டை 60 கிலோவுக்கு மேல் இருக்குமே! இருக்கும், அதன் சொந்த நாட்டில். இங்கே அந்த உடம்புக்குத் தேவையான தீனி ரப்பர் நிழலில் முளைக்கும் புல்லில் கிடைப்பதில்லை. கம்பளி போர்த்திய உடம்பு வெயிலில் தவிக்கிறது; வாய் திறந்து மூச்சு வாங்குகிறது; மேய வேண்டிய நேரத்தில் நிழலில் படுத்துக்கொள்கிறது. தீனி குறைந்த ஆடு பருவத்துக்கு வராது. வந்தாலும் கரு தங்காது. சினையான பின்னும் வெப்பம் விடுவதில்லை. தாய் வெப்பத்தில் வாடினால் வயிற்றுக் குட்டி சிறுத்துப் பிறக்கும்.

கிடாவின் நிலை இன்னும் மோசம். ஆட்டின் உடல் வெப்பம் ஏறக்குறைய 39 டிகிரி. விதைப்பை அதைவிட நாலைந்து டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் உயிரணு நன்றாக உருவாகும். அதனால்தான் இயற்கை அதை உடலுக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறது. கம்பளி மூடிய விதைப்பையோடு வெயிலில் நின்ற கிடா பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும், பெட்டை மேல் ஏறவும் செய்யும், ஆனால் சினை பிடிக்காது. ஓர் உயிரணு உருவாக ஏழு வாரம் பிடிக்கும். ஆகவே கடும் வெயிலிலோ காய்ச்சலிலோ அடிபட்ட கிடா, தேறி எழுந்த பின்னும் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குப் பயன்படாமல் போகலாம். இந்த விவரம் தெரியாமல், “பெட்டைகள் எல்லாம் மலடு” என்று சொல்லி நல்ல ஆடுகளைக் கறிக்குத் தள்ளிவிட்டவர்கள் உண்டு. கம்பளி உள்ள கிடாவானால் விதைப்பை உரோமத்தைக் கத்தரித்து, பகலில் நிழலில் கட்டி, மாலை முதல் காலை வரை பெட்டைகளோடு விடுங்கள். நல்ல கிடா ஒன்று இருபது முதல் முப்பது பெட்டைகளுக்குப் போதும்.

இனிக் கலப்பினத்துக்கு வருவோம். இரண்டு இனங்கள் கலந்து பிறந்த குட்டி, தாய் தகப்பனின் சராசரியைவிடச் சற்று மேலாகவே இருப்பதைப் பலர் கண்ணால் பார்த்திருப்பீர்கள். இது மாயமல்ல. இரண்டு பழைய சாக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஓட்டைகள் உண்டு. ஒன்றின்மேல் ஒன்றாக விரித்தால், ஓட்டையும் ஓட்டையும் ஒரே இடத்தில் சேர்வது அரிது. ஒன்றின் ஓட்டையை மற்றது மூடிவிடும். ஒவ்வோர் இனத்திலும் பல தலைமுறைகளாக மறைந்து கிடக்கும் பலவீனங்கள் அந்த ஓட்டைகள்தாம். தூரத்து இனங்கள் இரண்டு சேரும்போது ஒன்றின் குறையை மற்றது மறைக்கிறது. இதைக் கலப்பு வீரியம் என்பார்கள்.

இந்த வீரியம் எங்கே அதிகம் வேலை செய்கிறது தெரியுமா? சினை பிடிப்பது, குட்டி பிழைப்பது, தாய் குட்டியைக் காப்பது ஆகிய இவற்றில்தான். உடல் எடையில் அதன் பங்கு அவ்வளவு இல்லை. குளிர்நாட்டு இனங்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 1978-ல் வெளிவந்த ஒரு கணக்கின்படி, குட்டி கலப்பினமாக இருப்பதால், கிடாவோடு விட்ட ஒவ்வொரு தாய்க்கும் கிடைக்கும் பால் மறந்த குட்டி எடை சுமார் 18 விழுக்காடு கூடுகிறது. தாயே கலப்பினமாக இருந்தால் அதற்கு மேல் இன்னொரு 18 விழுக்காடு அளவு கூடுகிறது. நம் சூழ்நிலையில் எண் மாறலாம். ஆனால் அதில் உள்ள பாடம் மாறாது. கலப்பினக் குட்டியைக் கறிக்கு விற்பதோடு நிறுத்திக்கொண்டால் பாதி ஆதாயந்தான். கலப்பினப் பெட்டையைத் தாயாக வைத்துக்கொள்வதில்தான் மறுபாதி இருக்கிறது. நாமோ பெரும்பாலும் என்ன செய்கிறோம்? ஹஜ்ஜுப் பெருநாளோ தீபாவளியோ நெருங்கும்போது, கொழுத்திருக்கிறது, நல்ல விலை வருகிறது என்று அந்தப் பெட்டையைத்தான் முதலில் கொடுத்துவிடுகிறோம்.

இங்கே ஓர் ஐயம் எழும். 20 கிலோ தாய்க்குப் பெரிய இனக் கிடாவைச் சேர்த்தால் குட்டி பெரிதாகி, ஈன முடியாமல் தாய் இறந்துவிடாதா? நியாயமான பயந்தான். 1938-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வால்டன், ஹேமண்ட் என்ற இருவர் இதைக் குதிரையில் சோதித்துப் பார்த்தார்கள். மிகப் பெரிய ஷயர் குதிரையையும் மிகச் சிறிய ஷெட்லண்டு மட்டக்குதிரையையும் இருவழியாகக் கலந்தார்கள். சிறிய தாய்க்குப் பிறந்த குட்டி சிறிதாகவும், பெரிய தாய்க்குப் பிறந்தது மிகப் பெரிதாகவும் இருந்தன. தகப்பன் எவ்வளவு பெரியவனானாலும், தாயின் வயிறு குட்டியின் வளர்ச்சிக்கு ஓர் எல்லை கட்டிவிடுகிறது என்று தெரிந்தது. ஆட்டிலும் இந்த எல்லை உண்டு. ஆனாலும் முற்றிலும் நம்பி இருந்துவிடக் கூடாது. முதல் ஈற்றுப் பெட்டைக்குப் பெரிய கிடா வேண்டவே வேண்டாம். அதற்கு நாட்டுக் கிடாவே ஏற்றது. ஒரு முறையாவது சிரமமின்றி ஈன்ற, இடுப்பு அகன்ற தாய்களையே பெரிய கிடாவுக்கு விடுங்கள். கிடாவும் இளங்கிடாவாக இருக்கட்டும். முற்றிய கிடாவின் எடையைச் சின்னப் பெட்டை தாங்காது.

அடுத்துச் சொல்லப்போவதில்தான் பல குடும்பங்கள் இடறி விழுகின்றன. முதல் தலைமுறைக் கலப்பு நன்றாக வந்துவிட்டது. அந்தக் குட்டிகளில் அழகான கிடா ஒன்றை வைத்துக்கொண்டு அதன் உடன்பிறந்த பெட்டைகளோடேயே சேர்க்கிறோம். சாக்கு உவமையை நினைத்துப் பாருங்கள். இப்போது இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரிச் சாக்குகள்; ஓட்டையும் ஓட்டையும் சேரத் தொடங்குகின்றன. இரத்த உறவே இல்லாத இரண்டு கலப்பின ஆடுகளைச் சேர்த்தால்கூட, அடுத்த தலைமுறைக் குட்டிகளில் கலப்பு வீரியத்தில் பாதி போய்விடும். அண்ணன் தங்கையையோ தகப்பன் மகளையோ சேர்த்தால் இன்னும் போகும். சிலர் வேறு திசையில் போகிறார்கள். பாதி டோர்செட் இவ்வளவு நன்றாக இருந்தால் முக்கால் டோர்செட் இன்னும் நன்றாக இருக்குமே என்று, கலப்பினப் பெட்டைக்கு மறுபடியும் டோர்செட் கிடாவையே சேர்க்கிறார்கள். உடம்பு பெருக்கிறது, ஆனால் வெயில் தாங்கும் குணமும் புழு தாங்கும் குணமும் தேய்கின்றன. குளிர்நாட்டு இரத்தம் பாதிக்கு மேல் ஏறும்போது பிழைப்பு குறைவது வெப்ப நாடுகள் பலவற்றில் கண்ட அனுபவம்.

அப்படியானால் முதல் தலைமுறைக் கலப்பை விடாமல் பெற வழி என்ன? தூய நாட்டாடு எப்போதும் கையில் இருக்க வேண்டும். இதுதான் முதலில் கேட்ட கேள்விக்கு என் பதில்: அந்தப் பத்து ஆடுகளை விற்காதீர்கள். மாலின் தீர்ந்துபோனால் டோர்சிமலுக்குத் தாய் ஏது? கண்டபடி கலந்ததால் தூய மாலினைக் காண்பதே இப்போது அரிதாகிவிட்டது.

ஒரு குடும்பமே இரண்டு வகைக் கிடாவையும் வைத்துக் கட்டுபடியாகாது என்பது எனக்குத் தெரியும். நாலு குடும்பங்கள் சேருங்கள். ஒரு வீட்டில் நாட்டுக் கிடா, இன்னொரு வீட்டில் பெரிய இனக் கிடா. ஒவ்வொரு வீட்டிலும் பத்துத் தாய்களில் நான்கைந்தை நாட்டுக் கிடாவுக்கு விட்டால், தூய வரிசை அறுந்துபோகாது. மீதியைப் பெரிய கிடாவுக்கு விடுங்கள். அதில் பிறக்கும் கலப்பினப் பெட்டைகளைத் தாயாக வளர்த்து, அவற்றுக்கு மூன்றாவது இனக் கிடா ஒன்றைச் சேர்க்கலாம். அந்தக் குட்டிகளை ஆண் பெண் பாராமல் கறிக்கு விற்றுவிடலாம். எந்தக் கிடாவையும் ஒரே மந்தையில் இரண்டு ஆண்டுக்கு மேல் வைக்காதீர்கள்; அதன் மகளே பருவத்துக்கு வந்துவிடும்.

மூன்றாவது இனம் என்றேன். கம்பளி இல்லாத, முடி மட்டும் உள்ள செம்மறிகள் உண்டு. பார்படோஸ் தீவின் ‘பிளாக்பெல்லி’, அதாவது கருவயிற்று ஆடு, வெப்பம் தாங்கும். இரண்டு குட்டி போடுவதில் பெயர் பெற்றது. பிரேசிலின் ‘சாந்தா இனேஸ்’ உடலில் பெரியது. இன்று பலரும் தேடும் ‘டார்பர்’ தென்னாப்பிரிக்காவில் 1930-களில் டோர்செட் ஹார்னையும் கருந்தலைப் பெர்சியன் ஆட்டையும் கலந்து உருவாக்கப்பட்டது. தூய இனம் என்று அதிக விலை கொடுத்து வாங்குவதும் ஒரு காலத்தில் கலப்பினமாக இருந்ததுதான்!

இரட்டைக் குட்டி என்றதும் மகிழ்ந்துவிட வேண்டாம். வயிற்றுக் குட்டியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, சினையின் கடைசி ஆறு வாரத்தில்தான் ஏறுகிறது. அந்த நேரத்தில் தீவனம் குறைந்தால் இரட்டைக் குட்டி சுமந்த தாய் தலை தொங்கி, நடக்க மாட்டாமல் விழுந்துவிடும், குட்டியும் பிழைக்காது. அதற்காகச் செம்பனைப் பருப்புப் புண்ணாக்கை மட்டும் அள்ளி அள்ளிப் போடுவதும் ஆபத்து. அதில் உள்ள செம்புச் சத்து செம்மறியின் ஈரலில் மாதக்கணக்கில் சேர்ந்து, ஒரு நாள் திடீரென்று கண் மஞ்சளாகி, சிறுநீர் சிவந்து, ஆடு விழுந்துவிடும். வெள்ளாட்டுக்கும் மாட்டுக்கும் இவ்வளவு கெடுதல் இல்லை. செம்மறிக்குத்தான் செம்பு ஆகாது. புல்லும் தழையும் பெரும்பங்காக இருக்கட்டும். எவ்வளவு புண்ணாக்குச் சேர்க்கலாம் என்பதைக் கால்நடை இலாகாவில் கேட்டுக்கொள்ளுங்கள். ஈனும் சமயத்தில் தாயின் குடற்புழுவும் பெருகும். தாயின் கழிச்சலிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து குட்டிக்கும் அது பரவும். பலகைத் தரை போட்டு உயர்த்திய கொட்டகையில் இரவு அடைப்பதும், ஈனுவதை ஒட்டிப் புழு மருந்து கொடுப்பதும் எந்த இனத்துக்கும் பொருந்தும். பிறந்த குட்டி ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுங்கள். அவர்கள் ஆர்வமாகச் செய்வார்கள். ஒவ்வோர் ஆட்டுக்கும் காதில் எண். நோட்டில் ஒரு பக்கம். எந்தக் கிடாவோடு என்று விட்டோம், என்று ஈன்றது, எத்தனை குட்டி, எத்தனை பிழைத்தன, நாலாம் மாதம் எவ்வளவு எடை என்பவற்றை எழுதினால் போதும். செம்மறிப் பெட்டை பருவத்துக்கு வந்தால் வெள்ளாட்டைப் போலக் கத்தி ஊரைக் கூட்டாது, கிடாவுக்குத்தான் தெரியும். 17 நாளுக்கு ஒரு முறை பருவம் திரும்பும். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். எனவே கிடாவோடு விட்ட நாள் நோட்டில் இருந்தால், ஈனும் வாரம் முன்கூட்டியே தெரிந்துவிடும். எட்டு மாதத்துக்கு ஒரு முறை ஈன்றால் இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று. அந்தக் கணக்குக்கு வராத ஆடு எது, இரண்டு முறை கிடாவோடு விட்டும் சினையாகாத ஆடு எது, குட்டியை உதைத்துத் தள்ளும் ஆடு எது என்று நோட்டே சொல்லிவிடும். பெருநாள் சந்தைக்கு அனுப்ப வேண்டியவை அவை. உடம்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, தூய இனமானாலும் கலப்பினமானாலும் சரி.